பழைய பாக்ஸிங் பொருள்கள்: அந்த இரண்டு கேலிப்பட அட்டைகளையும் சேர்த்தே வாங்குவதா?

கையுறைப்பித்தன் (டொரொன்டோ)

எல்லோருக்கும் வணக்கம். 1910 ரீனோ சண்டை சம்பந்தமான அஞ்சலட்டைகள் ஒரு கட்டாக விலைக்கு வந்திருக்கின்றன. நெவாடாவில் ஜூலை 4ஆம் தேதி கொளுத்தும் வெயிலில் கறுப்பரான ஜாக் ஜான்சனும் வெள்ளையரான ஜிம் ஜெஃப்ரிஸும் மோதிய அதே சண்டைதான். பெரும்பாலானவை நிஜப் புகைப்பட அட்டைகள், ஓரத்தில் 'டானா' என்று ஸ்டூடியோ பெயர் இருக்கிறது, பயிற்சி முகாம், மேடை, கூட்டம் என்று அருமையான படங்கள். உள்ளே இரண்டு கேலிப்பட அட்டைகளும் கிடக்கின்றன. ஜான்சனைத் தடித்த உதடும் கையில் தர்பூசணியுமாக வரைந்திருக்கிறார்கள், பார்த்தால் வயிற்றைப் புரட்டும். விற்பவர் நல்ல மனிதர். வேண்டாம் என்றால் அந்த இரண்டையும் எடுத்துவிடலாம், விலையும் குறையும் என்கிறார். வீட்டம்மா ஏற்கெனவே தீர்ப்பு சொல்லியாயிற்று, அந்த இரண்டும் வாசல் தாண்டக் கூடாதாம்.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன்: பிரிக்கக் கூடாது. புகைப்படங்களை மட்டும் வைத்துக்கொண்டால் ஏதோ இரண்டு பலசாலிகள் மோதிய நாள் என்றுதான் பார்க்கிறவனுக்குத் தோன்றும். ஜெஃப்ரிஸ் 1905லேயே தோல்வி காணாமல் ஓய்வு பெற்று விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தவர். 1908 டிசம்பர் 26 அன்று சிட்னியில் டாமி பர்ன்ஸை அடித்து ஜான்சன் ஹெவிவெயிட் பட்டம் வாங்கியதும், அதை மீட்க ஒரு வெள்ளைக்காரன் வேண்டும் என்று பத்திரிகைகள் கூப்பாடு போட்டன. சிட்னியில் ரிங் ஓரத்தில் இருந்த எழுத்தாளர் ஜாக் லண்டனே ஜெஃப்ரிஸைக் கூப்பிட்டு எழுதினார். அவரும் ஏறக்குறைய நூறு பவுண்டு எடையைக் கரைத்துக்கொண்டு வந்து 15ஆவது ரவுண்டில் விழுந்தார். அன்று இரவே அமெரிக்க நகரங்களில் கறுப்பர்களைத் தேடித் தேடி அடித்தார்கள், பத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்த வெறியை எது தயார் செய்தது என்று கேட்டால் இந்த மாதிரி அட்டைகளும்தான். அவற்றை எடுத்துவிட்டால் மீதிப் படங்களுக்கு அர்த்தமே மாறிவிடும். உங்கள் கருத்து என்ன?

நேர்மையாளன்77

வாங்குங்கள், வாங்காமல் போங்கள், அது உங்கள் பணம். ஆனால் எதற்கெடுத்தாலும் இனம், நிறம் என்று இழுக்கிற பழக்கம் இங்கே அதிகமாகிவிட்டது. நான் கிளவுஸ் சேர்க்கிறேன், எவர்லாஸ்ட் லேபிள் எந்தக் காலத்தது, தையல் எப்படி, உள்ளே குதிரை முடி இருக்கிறதா, இதைத்தான் பார்க்கிறேன். தோலுக்கு நிறம் பார்த்தது போதும் ஐயா. விளையாட்டு விளையாட்டாக இருக்கட்டும்.

கையுறைப்பித்தன்

//விளையாட்டு விளையாட்டாக இருக்கட்டும்//

இருக்க விட்டார்களா என்பதுதான் கேள்வி. ஹாரி வில்ஸ் என்று ஒருவர், 1920களில் ஹெவிவெயிட்டில் முதல் சவாலாளி. சாம்பியன் ஜாக் டெம்ப்ஸி. இரண்டு பேரையும் மோதவிட வேண்டும் என்று வருடக்கணக்கில் பேச்சு, 1924 செப்டம்பரில் ஜெர்சி சிட்டியில் என்று தேதி போட்டு டிக்கெட்டே அச்சடித்தார்கள். சண்டை நடக்கவில்லை. கடைசிவரை நடக்கவில்லை. டெம்ப்ஸி 1919இல் பட்டம் வென்ற கையோடு கறுப்பருடன் மோத மாட்டேன் என்று அறிவித்தவர், பிறகு அவர் மனம் மாறினார் என்றும், விளம்பரதாரர்களும் அரசியல்வாதிகளும்தான் தடுத்தார்கள் என்றும் ஒரு கட்சி உண்டு. எப்படியோ, நடக்காத சண்டையின் டிக்கெட் இன்று நடந்த சண்டையின் டிக்கெட்டைவிட ஆவலாகத் தேடப்படுகிறது. இந்த ஒரு துண்டுக் காகிதத்தை நிறம் பேசாமல் எப்படி விளக்குவீர்கள்? பேசாவிட்டால் அது வெறும் ரத்தான டிக்கெட்.

1915இல் ஹவானாவில் ஜெஸ் வில்லார்டிடம் ஜான்சன் பட்டத்தை இழந்ததிலிருந்து 1937இல் கறுப்பரான ஜோ லூயிஸ் அன்றைய சாம்பியன் பிராடக்கை வீழ்த்தும் வரை 22 வருடம். அதுவரை ஒரே ஒரு கறுப்பருக்குக்கூட உலக ஹெவிவெயிட் பட்டச் சண்டை கொடுக்கப்படவில்லை. சந்தையில் எது கிடைக்கிறது, எது கிடைக்கவில்லை என்பதையே இந்த 22 வருடம் தீர்மானித்திருக்கிறது. டெம்ப்ஸி படங்கள் குப்பையாகக் கொட்டிக் கிடக்கின்றன, வில்ஸ் படம் ஒன்று வந்தால் அடித்துக்கொள்கிறார்கள்.

சிகரெட் அட்டை சுந்தர் (லண்டன்)

பித்தன் அண்ணே, பாதி ஒப்புக்கொள்கிறேன், பாதிக்குச் சண்டை போடுகிறேன்.

கிடைக்காததற்கெல்லாம் நிறக்கோடுதான் (கறுப்பரோடு மோதுவதில்லை என்ற வழக்கம்) காரணம் என்று எழுதினால் கொஞ்சம் அதிகம். காகிதம் இரண்டாம் உலகப் போரில் கிலோ கணக்கில் பழைய பேப்பருக்குப் போனது. டிக்கெட்டை யாரும் பத்திரப்படுத்துவதில்லை, சண்டை முடிந்ததும் தரையில் போடுவார்கள். டெம்ப்ஸி படம் நிறைய இருப்பதற்கு அவர் ஓய்வுக்குப் பிறகு நியூயார்க்கில் வருடக்கணக்கில் உணவகம் நடத்தி வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டதும் ஒரு காரணம்.

அப்புறம் என் துறைக்கு வருகிறேன். 1910ஐ ஒட்டி மெக்கா, ஹாஸன் சிகரெட் பெட்டிகளுக்குள் வந்த விளையாட்டு வீரர் அட்டைகள், சேகரிப்பாளர்கள் டி218 என்று எண் போட்டுக் கூப்பிடுவது, அதில் ஜான்சனும் இருக்கிறார், ஜெஃப்ரிஸும் இருக்கிறார். ஜான்சன் அதில் நல்ல கம்பீரமாகத்தான் இருக்கிறார், கேலி எதுவும் கிடையாது. நாடே அந்த மனிதன் மேல் கொதித்துக்கொண்டிருந்தபோது சிகரெட் கம்பெனிக்காரன் பெட்டிக்குள் அவர் படத்தை வைத்து விற்றிருக்கிறான். வெறுப்பும் காசும் ஒரே பாதையில் போகவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. இன்று அதே தொகுப்பில் ஜெஃப்ரிஸைவிட ஜான்சனுக்குத்தான் விலை.

கேலிப்பட அட்டை விஷயத்தில் என் பயம் வேறு. நீங்கள் கூடுதல் பணம் கொடுத்து வாங்கினால் அந்தச் சரக்குக்கு ஒரு விலை உருவாகிறது, விலை உருவானால் போலி வருகிறது. பழைய பாணியில் புதிதாக அச்சடித்த நிறவெறிப் பொம்மைகளும் அட்டைகளும் சந்தையில் நிறையவே சுற்றுகின்றன.

மேரி_டெட்ராய்ட்

நான் மிச்சிகனில் இருப்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். பிக் ராப்பிட்ஸ் என்ற சின்ன ஊரில் ஃபெரிஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஜிம் க்ரோ அருங்காட்சியகம் இருக்கிறது (கறுப்பரைப் பிரித்துவைத்த அமெரிக்கச் சட்டங்களுக்கு வழங்கிய பெயர் அது). முழுக்க முழுக்க நிறவெறிப் பொருள்கள்: விளம்பரத் தகடு, குக்கி ஜாடி, அஞ்சலட்டை, பொம்மை, விளையாட்டுச் சாமான். ஆரம்பித்தவர் டேவிட் பில்க்ரிம், கறுப்பினப் பேராசிரியர். சிறுவனாக அலபாமாவில் மொபைல் நகரில் இருந்தபோது இந்த மாதிரி ஒரு பொம்மையைக் காசு கொடுத்து வாங்கி, விற்றவன் கண்ணெதிரிலேயே தரையில் போட்டு உடைத்தாராம். அதே மனிதர் பிறகு ஆயிரக்கணக்கில் சேர்த்து, பாடம் நடத்துவதற்கென்று பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். உடைப்பதும் சரி, சேர்ப்பதும் சரி, இரண்டும் ஒரே கோபம்தான் என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் அங்கே அந்தப் பொருள் தனியாக நிற்பதில்லை, பக்கத்திலேயே விளக்கம் இருக்கிறது, யார் செய்தார்கள், யாருக்கு விற்றார்கள், அப்போது சட்டம் என்ன சொன்னது என்று. ஒரு வரவேற்பறைச் சுவரில் அது நடக்காது. பித்தன், உங்கள் வீட்டம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. வாங்குங்கள், ஆனால் ஃப்ரேம் போட்டு மாட்டாதீர்கள்.

சுந்தர் சொன்ன போலி விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. இங்கே ஒரு பழம்பொருள் கண்காட்சியில் 1910 என்று சொல்லி எனக்கு ஒருவர் ஒன்றை நீட்டினார், கறுப்பு விளக்கு (புற ஊதா விளக்கு) அடித்ததும் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தது. 1950க்குப் பிறகு வந்த காகிதத்தில்தான் அந்த வெண்மையூட்டி இருக்கும்.

புதியவன்_திருச்சி

அக்கா, நான் இந்தப் பக்கத்துக்குப் புதுசு. நிஜப் புகைப்பட அட்டை என்று எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? அச்சடித்த அட்டைக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

சிகரெட் அட்டை சுந்தர்

தம்பி, ஒரு பூதக்கண்ணாடி எடுத்துப் பார். அச்சடித்தது என்றால் புள்ளி புள்ளியாகத் தெரியும். நிஜப் புகைப்படம் என்றால் புள்ளியே இருக்காது, நிழல் தொடர்ச்சியாக இறங்கும், பழையது என்றால் இருண்ட இடங்களில் சாய்த்துப் பிடித்தால் வெள்ளி மாதிரி ஒரு மினுக்கம் தெரியும். பின்பக்கம் தபால்தலை ஒட்டும் கட்டத்தைப் பார். ஏஸோ (AZO, புகைப்படத் தாளின் பெயர்) என்று எழுதி நான்கு மூலையிலும் முக்கோணம் மேல்நோக்கி இருந்தால் அந்தத் தாள் 1904 முதல் 1918 வரை. இரண்டு மேலே இரண்டு கீழே என்றால் 1918 முதல் 1930 வரை, அப்படியானால் உன் கையில் இருப்பது ரீனோவில் அன்று எடுத்த பிரதி இல்லை, பின்னால் போட்டது. பின்பக்கம் நடுவில் கோடு போட்டுச் செய்திக்கு ஒரு பாதி, முகவரிக்கு ஒரு பாதி என்று பிரிப்பது அமெரிக்காவில் 1907 மார்ச்சில் தொடங்கியது. இத்தனையும் பொருந்தினாலும் முழுசாக நம்பாதே, பழைய வெற்றுத் தாளை வாங்கிப் புதுப்படம் போடுகிற புண்ணியவான்களும் உண்டு.

ராயபுரம் ஜான்

ரீனோ சண்டையைப் படம் பிடித்தார்களே, அந்தப் படச்சுருள் கதையை யாரும் சொல்லவில்லையே. சண்டையைவிட அந்தக் கதை பெரிது. ஜான்சன் வெள்ளைக்காரனை அடிப்பதைக் கறுப்பர்கள் திரையில் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று ஊர் ஊராகத் தடை போட்டார்கள். 1912இல் நாடாளுமன்றமே சட்டம் கொண்டுவந்தது, குத்துச்சண்டைப் படச்சுருளை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்று. 1940 வரை அந்தச் சட்டம் உயிரோடு இருந்தது. அப்படியானால் 1938இல் ஜோ லூயிஸ் ஜெர்மனியின் ஷ்மெலிங்கை 124 வினாடியில் சுருட்டிய படத்துக்கும் காகிதத்தில் அந்தத் தடை இருந்திருக்கிறது! ஒரு ஜான்சனுக்காகப் போட்ட பூட்டு.

சிட்னியிலும் இதே கதை. 14ஆவது ரவுண்டில் போலீஸ் உள்ளே புகுந்து நிறுத்தியது, கேமராவும் அதோடு நின்றது, பர்ன்ஸ் விழுகிற காட்சி இல்லை. கூலியையும் பாருங்கள், தோற்ற பர்ன்ஸுக்கு முப்பதாயிரம் டாலர், ஜெயித்த ஜான்சனுக்கு ஐயாயிரம்.

ரீனோ படத்தை 2005இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்துப் பாதுகாக்கிறார்கள். ஓட்டக் கூடாது என்று சட்டம் போட்ட படத்தை.

நேர்மையாளன்77

சரி, ஒரு கேள்வி. ஜான்சனைத் தியாகியாக ஆக்குகிறீர்களே, சாம்பியன் ஆன பிறகு அவர் மற்ற கறுப்பின வீரர்களுக்கு வாய்ப்புக் கொடுத்தாரா? சாம் லாங்ஃபோர்டைத் தவிர்த்தார். ஜோ ஜானெட்டைத் தவிர்த்தார். பட்டத்தை வைத்துக்கொண்டு மோதிய ஒரே கறுப்பர் பாரிஸில் 1913இல் பேட்லிங் ஜிம் ஜான்சன். வெள்ளைக்காரனோடு மோதினால்தான் காசு என்று அவருக்கும் தெரியும். அப்புறம் முகமது அலி. தன்னைப் போலவே கறுப்பரான ஜோ ஃப்ரேஸியரைக் கொரில்லா என்று கூப்பிட்டு, மணிலாவில் பத்திரிகைக்காரர்கள் முன்னால் ரப்பர் கொரில்லாவைக் குத்திக் காட்டியது யார்? அந்தக் கேலிப்பட அட்டைக்காரனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சொல்லுங்கள், கேட்கிறேன்.

கையுறைப்பித்தன்

நல்ல கேள்வி, முதல் முறையாக விஷயத்துக்குள் வந்திருக்கிறீர்கள்.

ஜான்சன் தியாகி இல்லை, அப்படி நான் எழுதவும் இல்லை. 1906இல் தன்னைவிட மிகவும் எடை குறைந்த லாங்ஃபோர்டை மாசசூசெட்ஸில் தோற்கடித்தார், பட்டம் கைக்கு வந்த பிறகு அந்தப் பக்கமே திரும்பவில்லை. லாங்ஃபோர்ட், ஜானெட், மக்வே, வில்ஸ் நான்கு பேரும் பட்டத்துக்கு வழியில்லாமல் தங்களுக்குள்ளேயே மறுபடி மறுபடி மோதிக்கொண்டிருந்தார்கள். 1909இல் பாரிஸில் ஜானெட்டும் மக்வேயும் 49 ரவுண்டு போட்டார்கள், ஜானெட் எத்தனையோ முறை விழுந்து எழுந்து கடைசியில் ஜெயித்தார். ஹெவிவெயிட் வரலாற்றில் ஆகப் பெரிய சண்டைகளில் ஒன்று, நம் ஆட்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? லாங்ஃபோர்ட் கடைசியில் பார்வை போய் ஹார்லமில் ஒரு அறையில் கிடந்தார். 1944இல் ஒரு பத்திரிகையாளர் தேடிக் கண்டுபிடித்து எழுதியதும்தான் வாசகர்கள் பணம் அனுப்பினார்கள்.

சுந்தர், இங்கேதான் உங்கள் பதிலுக்கும் பதில். லாங்ஃபோர்டின் கையெழுத்து ஏன் அவ்வளவு அரிது? கண் தெரியாதவர், வறுமை, பெரிய அரங்கு கிடைக்காதவர். ஏன் பெரிய அரங்கு கிடைக்கவில்லை? டெம்ப்ஸி உணவகம் நடத்தினார் என்றீர்கள், அதற்கு முதல் எங்கிருந்து வந்தது? மில்லியன் டாலர் வசூல் கண்ட சண்டைகளிலிருந்து. ஜான்சனோ 1930களின் கடைசியில் டைம்ஸ் சதுக்கத்துக்கு அருகே, தெள்ளுப்பூச்சி சர்க்கஸ் காட்டுகிற ஒரு மலிவுக் காட்சிக்கூடத்தில் நின்று, வந்தவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிப் பிழைத்தார். இன்று கிடைக்கும் ஜான்சன் கையெழுத்துகளில் கணிசமானவை பட்டம் போன பிறகான அந்த வருடங்களைச் சேர்ந்தவை. அலமாரியில் இருக்கும் கையெழுத்தைப் பார்த்து சாம்பியன் என்று பெருமைப்படுகிறோம், அது போடப்பட்ட இடத்தை யாரும் ஃப்ரேமுக்குள் வைப்பதில்லை.

அலி–ஃப்ரேஸியர் விஷயம். ஆமாம், அலி செய்தது அசிங்கம். ஃப்ரேஸியர் அதைப் பல பத்தாண்டுகள் மனதில் வைத்திருந்தார், 2001இல் அலி பத்திரிகை வழியாக மன்னிப்புக் கேட்டார். மணிலா சண்டைப் பொருள் சேர்க்கிறவன் அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். என் வாதமே அதுதான், பிடிக்காத அட்டையை எடுத்துவிட்டுக் கட்டை வாங்கக் கூடாது. அது வெள்ளைக்காரன் அட்டையாக இருந்தாலும் அலியின் கொரில்லாவாக இருந்தாலும்.

சிகரெட் அட்டை சுந்தர்

//ஏன் பெரிய அரங்கு கிடைக்கவில்லை?//

சரி, விட்டுக்கொடுக்கிறேன், முக்கால் பங்கு.

அமெரிக்காவை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறோம், நான் இருக்கிற நாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1911இல் ஜான்சன் லண்டனில் பம்பார்டியர் பில்லி வெல்ஸுடன் மோத ஏற்பாடு நடந்தது. அப்போது உள்துறை அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில். தடுத்துவிட்டார்கள். வெள்ளைக்கார ராணுவ வீரனைக் கறுப்பன் அடித்துச் சாய்ப்பதைப் பேரரசின் குடிமக்கள் பார்த்தால் என்ன ஆவது என்ற கவலை அதில் வெளிப்படையாகவே இருந்தது. அந்தக் குடிமக்களில் நம் தாத்தாக்களும் அடக்கம் என்பதை நினைத்தால் சிரிப்பாக வருகிறது. பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியம் அதற்கும் மேலே போய், பிரிட்டிஷ் பட்டத்துக்குப் போட்டியிடுகிறவனின் அப்பா அம்மா இருவரும் வெள்ளையராக இருக்க வேண்டும் என்று விதியே எழுதி வைத்தது. 1948 வரை! மான்செஸ்டர்க்காரர் லென் ஜான்சன், இங்கேயே பிறந்தவர், எவ்வளவு பேரைத் தோற்கடித்தும் பட்டத்துக்கு நிற்க முடியவில்லை. 1948 ஜூனில் பர்மிங்ஹாம் வில்லா பார்க்கில் கறுப்பின வீரர் டிக் டர்பின் மிடில்வெயிட் பட்டம் வென்றுதான் அந்தக் கதவு திறந்தது. அந்த இரவின் நிகழ்ச்சி நூல் எங்கேயாவது வந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், நானே தேடிக்கொண்டிருக்கிறேன்.

லென் ஜான்சன் பிறகு கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளராக நின்றார். 1953இல் கறுப்பர் என்று பீர் கொடுக்க மறுத்த ஒரு மான்செஸ்டர் மதுக்கடைக்கு எதிராகப் போராடி ஜெயித்தார். பட்டச் சண்டை பெல்ட் இல்லை அவரிடம். இது இருக்கிறது.

மேரி_டெட்ராய்ட்

வேறு ஒரு பக்கத்தையும் பேசலாமே. எல்லாம் வெள்ளைக்காரன் கறுப்பனைப் பற்றிச் செய்த பொருளாகவே போகிறது. கறுப்பர்கள் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டவை? இங்கே டெட்ராய்டில் பழைய வீடுகளைக் காலி செய்து விற்கும் இடங்களில் ஜோ லூயிஸ் உருவம் வைத்த உலோகக் கடிகாரம் சில சமயம் வரும். அவர் பெயரில் ஒரு குளிர்பானம்கூட விற்றார்கள். ஜாக் ஜான்சன் வாங்கிய அடியைப் பார்த்து, லூயிஸின் மேலாளர்கள் அவருக்கு விதிகள் போட்டிருந்தார்கள்: வெள்ளைக்காரப் பெண்ணுடன் புகைப்படம் எடுக்கக் கூடாது, வீழ்ந்த எதிராளியைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. நீங்கள் லூயிஸ் புகைப்படங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் அந்த முகம் ஏன் அப்படிக் கல்லாக இருக்கிறது என்பது புரியும். ஜான்சன் படங்களிலோ தங்கப்பல் தெரிய ஒரே சிரிப்பு. இரண்டு சாம்பியன்களின் வெறும் முகபாவத்தை வைத்தே ஒரு கண்காட்சி நடத்தலாம், விலை அதிகமான பொருள் ஒன்றுகூட வேண்டாம்.

என்னிடம் இருப்பதில் நான் விற்கவே மாட்டேன் என்று சொல்வது 1942 ஜனவரி, மேடிசன் ஸ்கொயர் கார்டன், படி பேர் (Buddy Baer) என்ற வீரரோடு லூயிஸ் மோதிய சண்டையின் நிகழ்ச்சி நூல். லூயிஸ் தனக்கு வந்த தொகையைக் கடற்படை நிவாரண நிதிக்குக் கொடுத்தார். அன்றைய கடற்படையில் கறுப்பர்கள் சமையலறைப் பரிமாறும் வேலைக்குத்தான் சேர முடியும். அடுத்து ராணுவ நிவாரண நிதிக்கும் ஒரு சண்டை. பிறகு வரித்துறை இந்தத் தொகைகளையும் அவர் வருமானமாகக் கணக்கில் பிடித்து அவரைப் பல வருடம் துரத்தியது. ராணுவ உடையில் துப்பாக்கி பிடித்து நிற்கும் அவர் போஸ்டரை இதோடு சேர்த்துப் பாருங்கள், தேசபக்தி போஸ்டர் வேறு மாதிரி தெரியும்.

புதியவன்_திருச்சி

இதையெல்லாம் படித்தால் தலை சுற்றுகிறது, ஆனால் விட மனசு வரவில்லை. ஒரு சந்தேகம், அலி கையெழுத்துப் போட்ட கிளவுஸ் இணையத்தில் நிறைய வருகிறது. 'காஷியஸ் கிளே' என்று போட்டது என்றால் பழையது, அதனால் விலை அதிகம் என்கிறார்கள். உண்மையா?

கையுறைப்பித்தன்

எச்சரிக்கை, எச்சரிக்கை, எச்சரிக்கை. போலி அதிகம் புழங்கும் கையெழுத்துகளில் அலியுடையது முன்வரிசை. 1990களில் எஃப்பிஐ 'ஆபரேஷன் புல்பென்' என்று பெயர் வைத்து ஒரு பெரிய போலிக் கும்பலைப் பிடித்தது, அதில் அலி பெயரும் தாராளமாக அடிபட்டது. சான்றிதழ் இருக்கிறது என்பார்கள், சான்றிதழை அச்சடிப்பது கையெழுத்தைப் போடுவதைவிட எளிது.

1964 பிப்ரவரியில் அன்றைய சாம்பியன் லிஸ்டனைத் தோற்கடித்த கையோடு, காஷியஸ் கிளே என்ற இயற்பெயரை அலி மாற்றினார். ஆகவே உண்மையான கிளே கையெழுத்து பெரும்பாலும் அதற்கு முந்தையது. ஆனால் பிற்காலத்தில் வியாபாரிகள் கேட்டுக்கொண்டதால் பழைய பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறார், அதனால் பெயரை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது. பேனாவைப் பார். ஷார்ப்பி மார்க்கர் சந்தைக்கு வந்ததே 1964இல், 1960 ரோம் ஒலிம்பிக் சமயத்தில் போட்டது என்று சொல்லி ஷார்ப்பி மையைக் காட்டினால் எழுந்து வந்துவிடு. 1980களில் பார்க்கின்சன் நோய் உறுதியான பிறகு எழுத்து சுருங்கிக்கொண்டே போகும், நடுக்கம் தெரியும். பெரிசாக, வழுவழுவென்று 1995 தேதி போட்ட கையெழுத்து என்றால் சந்தேகப்படு.

எனக்குச் சுவாரசியம் கையெழுத்தைவிடப் போஸ்டரில். பெயர் மாறிய பிறகும் போஸ்டர்களிலும் பத்திரிகைகளிலும் கிளே என்றே போட்டுக்கொண்டிருந்தார்கள். 1967இல் எதிராளி எர்னி டெரல் அப்படிக் கூப்பிடப்போய், ஹூஸ்டன் ரிங்கில் அலி ஒவ்வொரு குத்துக்கும் 'என் பெயர் என்ன' என்று கேட்டார். அதே வருடம் வியட்நாம் போருக்கு ராணுவத்தில் சேர மறுத்ததற்காகப் பட்டம் பறிபோனது, 1971 ஜூனில் உச்ச நீதிமன்றம் 8–0 என்று அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1964 முதல் 1971 வரையான போஸ்டர்களில் எந்தப் பெயர் எந்த அளவு எழுத்தில் இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டே வா, அந்த ஊர் விளம்பரதாரர் எந்தப் பக்கம் நின்றார் என்று தெரிந்துவிடும்.

கின்ஷாசாவில் அலியும் ஜார்ஜ் ஃபோர்மனும் மோதிய சண்டையின் போஸ்டரிலும் ஒரு விஷயம் கவனி. சண்டை நடந்தது 1974 அக்டோபர் 30, ஆனால் செப்டம்பர் 25 என்று போட்ட போஸ்டர்கள் இருக்கும். அவை போலி இல்லை. பயிற்சியில் ஃபோர்மனுக்குக் கண்ணுக்கு மேலே கிழிந்ததால் தேதி தள்ளிப்போனது. அந்தச் சண்டையோடு தொடர்புடைய பெல்ட் ஒன்று 2022இல் 61 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று.

நேர்மையாளன்77

61 லட்சம் டாலர். அதைக் கொடுத்தவர் அப்போது ஒரு அமெரிக்கக் கால்பந்து அணியின் முதலாளியாக இருந்த வெள்ளைக்காரர். அலியைப் போட்டி போட்டு வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அந்த வர்க்கம்தான். இதையும் உங்கள் வரலாற்றில் எழுதிக்கொள்ளுங்கள்.

மேரி_டெட்ராய்ட்

எழுதிக்கொள்கிறோம் நண்பரே, நியாயமான பேச்சு. விலை ஏற ஏற அந்தப் பொருள் யாருடைய கதையோ அவர்கள் கைக்கு எட்டாமல் போகிறது. அலி தன் கிளவுஸையும் அங்கியையும் 1976இலேயே ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார், எவனும் போய்ப் பார்க்கலாம். அந்த வழிதான் எனக்குப் பிடிக்கும்.

கையுறைப்பித்தன்

அந்த அட்டைக் கட்டு மொத்தத்தையும் வாங்கிவிட்டேன். கேலிப்பட அட்டைகளுக்குத் தனி விலை கிடையாது என்று பேசித்தான் முடித்தேன், சுந்தர் சொன்னது மனதில் இருந்தது. மேரி, ஃப்ரேம் போடவில்லை. ஆல்பத்தில் புகைப்படங்களுக்கு நடுவில் வைத்திருக்கிறேன், எதிர்ப்பக்கத்தில் சண்டை முடிந்த கையோடு லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸில் வந்த தலையங்கத்தின் நகல். கறுப்பனே, மூக்கை ரொம்ப உயர்த்தாதே, நெஞ்சை நிமிர்த்தாதே, உனக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை என்ற ரீதியில் போகும். கேலிப்படம் ஏதோ தெருவோர வியாபாரம் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுவேன். வீட்டம்மா ஆல்பத்துக்குச் சம்மதம், சுவருக்கு இல்லை.

ராயபுரம் ஜான்

நல்ல முடிவு. நம் ஊர் விஷயம் ஒன்று கேட்டுவிடுகிறேன், இழைக்குச் சம்பந்தம் இருக்கிறது. அலி 1980இல் சென்னை வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சி ஆட்டம் ஆடினார், எம்ஜிஆர் வந்திருந்தார். வடசென்னையில் அந்தக் காலத்துக் குத்துச்சண்டைக்காரர் வீடுகளில் அந்த நாளின் டிக்கெட், புகைப்படம், செய்தித்தாள் வெட்டு எல்லாம் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் தன்னிடம் இருக்கும் டிக்கெட்டை லாமினேட் செய்யப்போகிறேன் என்கிறார். செய்யலாமா?

சிகரெட் அட்டை சுந்தர்

ஐயோ, இன்றைக்கே போய்த் தடுங்கள். லாமினேட் செய்தால் சூட்டில் பசை காகிதத்துக்குள் இறங்கிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது, விலையும் போயிற்று, பொருளும் போயிற்று. அமிலம் இல்லாத தாள் ஒன்றை அடியில் வைத்து, பாலியஸ்டர் உறைக்குள் போட்டு, வெயில் படாத இடத்தில் படுக்கை வசமாக வைக்கச் சொல்லுங்கள். செல்லோடேப் கூடவே கூடாது. இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுத்து இங்கே போடுங்கள். முடிந்தால் அந்தப் பெரியவர் எந்தப் பரம்பரை, அன்று எங்கே உட்கார்ந்து பார்த்தார் என்று அவர் குரலிலேயே போனில் பதிவு செய்துவிடுங்கள். டிக்கெட்டின் பின்னால் மட்டும் பேனாவால் எதுவும் எழுத வேண்டாம்.